‘ம்’ ஒரு பதில் அல்ல

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

நானும் அப்பாவும் நலம். உன் வீட்டிலும் அப்படியே இருப்பார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். ஃபோன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். இந்த வீட்டில் இருப்பது இரண்டே அறை. எங்கே நின்று பேசினாலும் அப்பாவுக்குக் கேட்கும். பக்கவாதம் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது பேச்சை, காதை அல்ல. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அவருடைய மகனும் அவர்களில் ஒருவன்.

முதலில் உன் கம்பெனியைப் பற்றிய புகார். நீங்கள் செய்து விற்கும் ‘கற்றல் விளைவு எழுதும் கருவி’ என்ற மென்பொருளை எங்கள் மருத்துவமனை வாங்கிவிட்டது. இனி இங்கே யார் எந்த வகுப்பு எடுத்தாலும், வகுப்பு முடிந்ததும் கற்றவர் என்ன செய்வார் என்று அதில் எழுத வேண்டும். கருவி எண்பது மதிப்பெண்ணுக்கு மேல் போட்டால்தான் வகுப்புக்கு அறை. சனிக்கிழமை மதியம் நான் எடுக்கும் வகுப்பு உனக்குத் தெரியும். பேச்சிழந்தவர்களோடு வீட்டில் எப்படிப் பேசுவது என்று அவர்கள் குடும்பத்தாருக்குச் சொல்லித்தருவது. இத்தனை வருடம் விளைவு எதுவும் எழுதாமலே நடந்தது. ஏதோ விளைந்திருக்க வேண்டும், ஆட்கள் திரும்பி வந்தார்கள்.

“பங்கேற்பாளர் நோயாளியைப் புரிந்துகொள்வார்” என்று எழுதினேன். சிவப்புக் கோடு. ‘புரிந்துகொள்வதைக் கண்ணால் காண இயலாது. வேறு வினைச்சொல்லைத் தேர்ந்தெடுக்கவும்.’ உணர்வார் என்றேன், சிவப்பு. மதிப்பார் என்றேன், சிவப்பு. பட்டியலிடுவார் என்றதும் பச்சை. ஆகவே இன்றைய நிலவரப்படி என் வகுப்பை முடித்துப் போகிறவர்கள் தங்கள் மனைவியைப் பட்டியலிடுவார்கள்.

சலவைப் பிரிவுக்குத் தொண்ணூற்று நான்கு கிடைத்திருக்கிறது. கறைகளை வகைப்படுத்துவார், ஒப்பிடுவார், விளக்குவார் என்று எழுதியிருக்கிறார்கள். கறையைப் போக்குவார் என்று எங்கும் இல்லை. கருவி அதைக் கேட்கவும் இல்லை. இதில் இன்னொரு கொடுமை, நான் மூன்று சொல் அடிப்பதற்குள் மீதி வாக்கியத்தை அதுவே எழுதி முடிக்கிறது. அந்த யோசனை யாருடையது என்று நான் கேட்கப்போவதில்லை. சின்ன வயதிலிருந்து உன்னோடு பேசிப் பழகியவள் நான்.

இரண்டாவது விஷயம்தான் முக்கியம். போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் ஃபோனில் உங்கள் ஊர் முதியோர் இல்லத்தைப் பற்றிக் கேட்டாய். “அப்பா, அங்க வந்துடறீங்களா? நல்லா பாத்துப்பாங்க, நான் தினம் வந்து பாப்பேன், சரிதானே?” அப்பா “ம்” என்றார். உடனே என்னிடம், “பாத்தியாக்கா, அப்பா ஓகே சொல்லிட்டார்” என்றாய். அவர் எல்லாவற்றுக்கும் ‘ம்’தான் சொல்வார். ஃபோனை வைத்ததும் நான் கேட்டேன், “ஃபேன போடட்டுமாப்பா?” ம். “நிறுத்தியே இருக்கட்டுமா?” ம். இதை வைத்து ஃபேன்கூட ஓடாது. நீ ஒரு மனுஷனை ஊர் மாற்றப் பார்க்கிறாய்.

அந்த இல்லத்தில் அறையை உறுதி செய்யாதே.

உன் அக்கா

*

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. அலுவலக முகவரிக்கு அனுப்பியிருந்தாய். கையால் எழுதிய உறையைப் பார்த்து, ஏதோ வழக்கு என்று நினைத்து இரண்டு பேர் கூடவே வந்து நின்றார்கள்.

கருவியைச் செய்தவன் நான் அல்ல. அதிலுள்ள வினைச்சொல் பட்டியலுக்கு மட்டும்தான் பொறுப்பு. பச்சையும் சிவப்பும் என்னுடையவை, வாக்கியத்தை முடித்துவைப்பது வேறு பிரிவு. நான்கு கட்டங்களையும் வரிசையாக நிரப்பு: யார், என்ன செய்வார், எந்தச் சூழலில், எந்த அளவுக்கு. உன் ஆட்கள் வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போய் நேற்றுச் செய்யாத எதைச் செய்கிறார்கள்? அதை எழுது. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்குத் தெரிகிற மாதிரி எழுது. கிண்டல் செய்தாலும் அது ஒன்றும் கெட்ட கேள்வி இல்லை.

அப்பா விஷயம். அவர் ‘ம்’ மட்டும் சொல்லவில்லை, சிரித்தார். நான் திரையில் பார்த்தேன். அந்த இல்லம் என் அலுவலகத்திலிருந்து நடக்கிற தூரம். பேச்சுப் பயிற்சியாளர் தினமும் வருகிறார். நீயும் பேச்சுப் பயிற்சியாளர்தான், தெரியும். ஆனால் நீ நாள் முழுக்க மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டு, வந்து அப்பாவைத் தூக்கி உட்காரவைக்கிறாய். போன முறை வந்தபோது கவனித்தேன், நாற்காலியிலிருந்து எழுந்திருக்க மேஜையைப் பிடித்துக்கொள்கிறாய். இரண்டு வருடமாக இதைச் செய்கிறாய். இது எவ்வளவு நாள் ஓடும் என்று நீயே சொல்.

மார்ச் கடைசிவரை அந்த அறையை வைத்திருப்பதாகச் சொன்னார்கள். நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. ‘ம்’ போதாது என்கிறாய், சரி. பின்னே எப்படித்தான் கேட்பது?

உன் தம்பி

*

பிப்ரவரி 15

அன்புள்ள தம்பிக்கு,

எப்படிக் கேட்பது என்று என்னிடம் கேட்ட முதல் உறவினன் நீ. மற்றவர்கள் எல்லாம் எப்படிச் சொல்வது என்றுதான் கேட்பார்கள்.

வகுப்புக்கு ஒரு வங்கி மேனேஜர் வருகிறார், மனைவியோடு. அந்த அம்மாவுக்குப் பேச்சு போய் எட்டு மாதம். நேற்று அவரிடம், “என்ன கலர் புடவை பிடிக்கும்னு அவங்ககிட்ட கேளுங்க சார்” என்றேன்.

“நீலம் மேடம்.”

“அவங்ககிட்ட கேளுங்க.”

“ஏம்மா, உனக்கு நீலம்தானே?” அந்த அம்மா தலையாட்டினார். “பாத்தீங்களா மேடம்? முப்பது வருஷ அனுபவம்.”

“சரி. இப்ப, பச்சைதானேன்னு கேளுங்க.”

“எதுக்கு மேடம், நீலம்னு சொல்லிட்டாளே.”

“சும்மா கேளுங்க.”

கேட்டார். அந்த அம்மா அதற்கும் தலையாட்டினார். மேனேஜர் என்னைத்தான் முறைத்தார், நான் எதையோ கெடுத்துவிட்ட மாதிரி. பிறகு வண்ணத் துணிகளை மேஜையில் பரப்பிவைத்து, அவரை வாயை மூடிக்கொண்டு உட்காரச் சொன்னேன். அது அவருக்குக் கடினமாக இருந்தது. மேஜைக்கடியில் காலை ஆட்டினார், இரண்டு தரம் தொண்டையைச் செருமினார். அந்த அம்மா வெகுநேரம் கழித்து மஞ்சளைத் தொட்டார். நான் துணிகளை இடம் மாற்றி வைத்தேன். மறுபடி மஞ்சள். மேனேஜர் மெதுவாக, “முப்பது வருஷமா நீலமா வாங்கிட்டிருந்தேனே” என்றார். அந்த அம்மா சிரித்தார். சம்மதத்துக்கும் சிரிப்பார்கள், கேலிக்கும் சிரிப்பார்கள் தம்பி. நீ திரையில் பார்த்தது எது என்று உனக்குத் தெரியாது.

இவ்வளவுதான் முறை. நேராகக் கேள், எதிர்ப்பக்கத்திலிருந்தும் கேள். பேச்சை மட்டும் நம்பாமல் தொட்டுக் காட்ட ஏதாவது வை. வைத்ததை இடம் மாற்று. வேறொரு வேளையில் திரும்பக் கேள். எல்லாப் பதிலும் ஒத்துப்போனால் அது பதில், இல்லாவிட்டால் வெறும் சத்தம். நடுவில் காத்திரு.

நீ சொன்னபடியே இதை எழுதினேன்: “குடும்ப உறுப்பினர், வீட்டில், ஒரு கேள்வியை நேராகவும் மாற்றியும் கேட்டு, நோயாளி பதில் தரும்வரை காத்திருப்பார்.” எல்லாம் பச்சை, கடைசிச் சொல் மட்டும் சிவப்பு. ‘காத்திருப்பது ஒரு செயல் அல்ல.’ அதற்குப் பதிலாக, “காத்திருப்போர் அறையின் வசதிகளை விவரிப்பார்” என்று எழுதலாமே என்று யோசனை சொன்னது. அது வேறு பிரிவு என்று தெரியும். சிவப்பு உன்னுடையது. ஒரு வங்கி மேனேஜர் பேசாமல் உட்கார்ந்திருப்பது கண்ணுக்குத் தெரியாது என்று நினைக்கிறாயா? கட்டடமே பார்க்கும்.

அப்பாவைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். என் முதுகைப் பற்றியும். அவருக்கு இங்கேதான் விருப்பம். எனக்குத் தெரியும்.

உன் அக்கா

*

பிப்ரவரி 22

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பொருட்டு செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் ‘காத்திருப்பார்’ விவாதத்துக்கு வந்தது. எங்கள் தலைமை அதிகாரி நிதானமானவர். பதற்றமே இல்லாமல் கேட்டார்.

“காத்திருக்கிறவன் என்னப்பா செய்றான்?”

“காத்திருக்கிறான் சார்.”

“அதுதான் என்ன செய்றான்னு கேக்கறேன்.”

“மத்தவங்க பேசறதுக்கு இடம் விடறான் சார்.”

“சும்மா இருக்கிறதுக்கு மார்க் போட ஆரம்பிச்சா, நம்ம ஆபீஸ்ல ஒருத்தன்கூட ஃபெயிலாக மாட்டான்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சம்பளம் வாங்குகிறவன். பிறகு மேனேஜர் கதையைச் சொன்னேன். புடவை வந்ததும் அறை அமைதியாகிவிட்டது. அவரவர் வீட்டு நிறம் நினைவுக்கு வந்திருக்கும். முடிவில், “குறுக்கிடாமல்” என்ற சொல்லும் சேர்த்து வந்தால் ‘காத்திருப்பார்’ பச்சையாகலாம் என்று தீர்மானம். திங்கட்கிழமை முதல் உனக்கு வேலை செய்யும். எங்கள் கம்பெனி ஒரு வினைச்சொல்லை மன்னிப்பது இதுதான் முதல் தடவை.

நீ கருவியில் எழுதிவைத்த படிவத்தைத் திறந்து பார்த்தேன். நன்றாக வந்திருக்கிறது. ஆனால் கீழே ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டிருக்கிறாய்: ‘மதிப்பிடுபவர் யார்?’ கற்றுக்கொண்டாரா இல்லையா என்று யார் சொல்ல வேண்டும் என்பது அது. நிரப்பாவிட்டால் கருவி ஏற்காது. எல்லோரும் அதில் ‘பயிற்சியாளர்’ என்று போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். நீயும் அப்படியே போடலாம். போடுவதற்கு முன்னால் கொஞ்சம் யோசி என்று மட்டும் சொல்கிறேன்.

ஏனென்றால் உன் கடிதத்தின் கடைசி வரியை நான் பல தடவை படித்துவிட்டேன். “அவருக்கு இங்கேதான் விருப்பம். எனக்குத் தெரியும்.” அக்கா, ‘தெரியும்’ என்பது எங்கள் பட்டியலில் முதல் நாளிலிருந்தே சிவப்பு. கோபப்படாதே. நான் கேட்டது தப்பான முறையில். ஒப்புக்கொள்கிறேன். நீ சரியான முறையில் கேட்டாயா?

உன் தம்பி

*

மார்ச் 1

தம்பிக்கு,

வகுப்புக்குத் தொண்ணூற்றொன்று கிடைத்தது. மதிப்பிடுபவர் கட்டத்தில் பயிற்சியாளர் என்று போட்டேன். வகுப்புக்கு அறை கிடைத்துவிட்டது. உன் உதவிக்கு நன்றி.

மற்றதற்குப் பதில்: தினமும் அவரைக் குளிப்பாட்டுகிறவளுக்குக் கேட்டுத்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. எந்தச் சட்டை அவருக்குக் கழுத்தில் உறுத்தும், எந்தப் பக்கம் படுத்தால் தூக்கம் வரும், கோபம் வந்தால் எந்தக் கையை மடக்குவார் எல்லாம் எனக்குத் தெரியும். உன் பட்டியலில் அது எந்த நிறத்தில் இருந்தாலும் சரி.

இல்லத்து அறை வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லிவிடு.

அக்கா

*

மார்ச் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சட்டையைப் பற்றி எழுதியதை நான் மறுக்கவில்லை. அதில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் என்னையே கொஞ்சம் கவனித்தேன். “சாப்பிட்டீங்களாப்பா, சாப்பிட்டிருப்பீங்க. தூக்கம் வந்துச்சா, நல்லா தூங்கியிருப்பீங்க. அக்கா திட்டினாளா, திட்டியிருப்பா.” அப்பா என்கிற ஆள் இல்லாமலேயே அந்த உரையாடலை நான் நடத்தி முடித்துவிடுகிறேன். கடைசியில் இரண்டு நிமிடம் பேசாமல் இருந்து பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். லைன் போய்விட்டது என்று நினைத்தாரோ என்னவோ, திரையைத் தட்டினார்.

உன் சுமையைக் குறைக்கத்தான் கூப்பிடுகிறேன் என்று உனக்கு எழுதினேன், எனக்கும் அப்படியே சொல்லிக்கொண்டேன். அது முழுக்க உண்மை இல்லை. எனக்கு அவர் பக்கத்தில் வேண்டும். சாயந்திரம் போய் உட்கார ஒரு அப்பா வேண்டும். உனக்கும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். நாம் இரண்டு பேரும் அவருக்கு எது நல்லது என்றே பேசிக்கொண்டிருக்கிறோம்.

அறையை இன்னும் விடவில்லை, 31 வரை இருக்கிறது. நீ விடு என்றால் விட்டுவிடுகிறேன், அதற்குமேல் இந்தப் பேச்சை எடுக்க மாட்டேன். இல்லத்தின் படங்களை இத்துடன் வைத்திருக்கிறேன். உன் முடிவை மாற்ற அல்ல. தொட்டுக் காட்ட ஏதாவது வேண்டும் என்று நீதான் எழுதினாய்.

உன் தம்பி

*

மார்ச் 19

அன்புள்ள தம்பிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கேட்டு முடிக்க நாளாயிற்று.

நீ அனுப்பிய படங்களை முதலில் பீரோவில் வைத்துப் பூட்டினேன். மறுநாள் வகுப்பில் மேனேஜர், “மேடம், வீட்ல இவ வேணாம்னு சொன்னா என்ன பண்றது? கேட்டது தப்பாப் போச்சேன்னு ஆயிடுதே” என்றார். “கேட்டுட்டா கேட்டதுதான் சார், பதில் பிடிக்கலைன்னு திருப்பிக் குடுக்க முடியாது” என்றேன். வகுப்பில் இப்படிப் பேசுவது எனக்கு நன்றாக வரும். வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தேன்.

என் வீட்டு வாசல் படம் ஒன்று, இல்லத்தின் படம் ஒன்று, ஒன்றும் இல்லாத வெள்ளை அட்டை ஒன்று, இரண்டும் வேண்டாம் என்பதற்கு. காலையில், அவர் முகம் தெளிவாக இருக்கிற வேளையில், மூன்றையும் முன்னால் வைத்தேன். நீ கேட்டதையும் சொன்னேன், நான் மறுத்ததையும் சொன்னேன். “நீங்க எங்க இருக்கணும்ப்பா?” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். எனக்கு மேனேஜரின் கால் ஞாபகம் வந்தது.

அவர் மூன்றையும் பார்த்தார். என்னைப் பார்த்தார். இல்லத்தின் படத்தைத் தொட்டார்.

மாலையில் இடம் மாற்றி வைத்தேன். அதே படம். மறுநாள் ஒவ்வொன்றாகக் கேட்டேன். “இங்கயே இருக்கலாமாப்பா?” வாசல் படத்தை இடது கையால் மெதுவாகத் தள்ளினார். கோபமாக இல்லை, சாப்பிட்டு முடித்த தட்டை நகர்த்துகிற மாதிரி. “அங்க போகலாமா?” அந்தப் படத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இந்த இரண்டுக்கும் அவர் ‘ம்’ சொல்லவே இல்லை என்பதைக் கவனித்தேன்.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். எல்லாப் பதிலும் ஒத்துப்போனால் அது பதில் என்று எழுதியவள் நான், தொண்ணூற்றொன்று வாங்கியவள். அதற்கடுத்த நாளும் அட்டைகளை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். இந்த முறை என் வாசல் படத்தை அவர் கைக்குப் பக்கத்திலும் மற்றதை எட்டாத தூரத்திலும் வைத்தேன். இப்படிச் செய்கிற உறவினர்களை வகுப்பில் நான் எழுந்து நிற்கவைப்பேன்.

அப்பா எதையும் தொடவில்லை. பிறகு என் கையைப் பிடித்து, தூரத்தில் இருந்த அந்தப் படத்தின் மேல் கொண்டுபோய் வைத்தார். வைத்து, அது நகர்ந்துவிடாதபடி மேலே தன் கையை வைத்துக்கொண்டார்.

ஏன் என்று எனக்குத் தெரியாது. அதைக் கேட்க மூன்று அட்டை போதாது. எனக்குத் தோன்றுகிற காரணங்கள் நிறைய, அவற்றில் பாதி என்னை நல்லவளாகக் காட்டுபவை. மகளின் முதுகுக்காகப் போகிறார் என்று சொல்லிக்கொண்டால் எனக்கு அழவும் சௌகரியமாக இருக்கும். உன் பக்கத்தில் இருக்க ஆசையாகவும் இருக்கலாம். ஒரு மகளின் கையால் குளிப்பது இரண்டு வருடமாக அவருக்குப் பிடிக்காமல் இருந்திருக்கலாம். காரணத்தை அவருக்குப் பதிலாக நான் எழுதி முடிக்கப்போவதில்லை. நீயும் முடிக்காதே. என்னைச் சமாதானப்படுத்துவதற்காகக்கூட வேண்டாம்.

வகுப்புப் படிவத்தைத் திறந்து மதிப்பிடுபவர் கட்டத்தை மாற்றினேன். ‘நோயாளி’ என்று போட்டேன். மதிப்பெண் எழுபத்தெட்டாக இறங்கியது. நோயாளி தகுதி பெற்ற மதிப்பீட்டாளர் அல்லவாம். வகுப்பு அறைக்காக மருத்துவமனைப் பயிற்சித் துறையோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். அதை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ கூட்டம் போட வேண்டாம்.

இல்லத்து அறையை உறுதி செய். கையெழுத்தை நீ போடு, எனக்குக் கை வராது. 29ஆம் தேதி கிளம்பலாம், நீ முந்தின நாளே காரோடு வந்துவிடு. அவரை எப்படித் தூக்குவது என்று அன்றைக்குக் காட்டித்தருகிறேன். இடது தோளுக்கடியில் கை கொடுக்க வேண்டும், இழுக்கக் கூடாது. கழுத்தில் உறுத்தாத சட்டைகளைத் தனியாக மடித்து வைத்திருக்கிறேன்.

நானும் கூட வருகிறேன். அவர் முன் சீட்டில் உன் பக்கத்தில் உட்காரட்டும், நான் பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன். வழியில் அவர் ஏதாவது சொன்னால் வண்டியை ஓரமாக நிறுத்து. ஒன்றும் சொல்லாவிட்டால் விட்டுவிடு, அவருக்கு ஜன்னல் இருக்கிறது.

உன் அக்கா